சுண்ணாம்பை மறந்த கப்பல்

மெக்ஸிகோ சிட்டிக்குப் போகிற வெளியூர்க்காரர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி: "ஒரிஜினல் டாக்கோ எங்கே கிடைக்கும்?"

பெரிய ஹோட்டல் எதையும் தேடவேண்டாம். ராத்திரி தெருமுனையில் எங்கே கூட்டம் மொய்க்கிறதோ, அங்கே போய் நில்லுங்கள். உட்கார ஸ்டூல் கிடைத்தால் அதிர்ஷ்டம். செங்குத்தான கம்பி ஒன்றில், மெல்லிசாக அரிந்த பன்றிக்கறியை அடுக்கடுக்காகக் குத்தி வைத்திருப்பார்கள். மிளகாயும் மசாலாவும் ஊறி, செக்கச்செவேல் என்று இருக்கும். மேலே கிரீடம் மாதிரி ஓர் அன்னாசிப்பழம். பக்கத்தில் நெருப்பு. கம்பிக்கு 'த்ரோம்போ' என்று பெயர், அதாவது பம்பரம். அது சுற்றச் சுற்ற, வெந்த கறியைக் கத்தியால் சீவி, உள்ளங்கை அகல மக்காச்சோள ரொட்டியில் பிடிப்பார் கடைக்காரர். அப்படியே கத்தி நுனியால் அன்னாசியில் ஒரு சுண்டு. துண்டு பறந்துவந்து ரொட்டியில் விழும்! மேலே வெங்காயம், கொத்தமல்லி. எலுமிச்சை பிழிவதும் காரச் சட்னி ஊற்றுவதும் உங்கள் பாடு. தலையைச் சாய்த்து ஒரு கடி.

'டாக்கோஸ் அல் பஸ்தோர்' என்கிற இந்த ஐட்டம்தான் தலைநகரின் அடையாளம். இதைவிட அசல் மெக்ஸிகோ வேறு உண்டா?

இந்த இடத்தில்தான் சரித்திரம் சிரிக்கிறது.

'அல் பஸ்தோர்' என்றால் 'இடையர் பாணி'. பன்றிக்கறிக்கும் ஆடு மேய்க்கிறவருக்கும் என்னங்க சம்பந்தம்? 19-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து, அப்போது ஒட்டோமான் ஆட்சியில் இருந்த லெபனான், சிரியா பக்கத்து மக்கள் கப்பலேறி மெக்ஸிகோ வந்தார்கள். கம்பியில் கறி சுற்றும் வித்தையும் கூடவே வந்தது. 1930-களில் ப்யூப்லா நகரத்தில் அதைக் கோதுமை ரொட்டியில் சுருட்டி, 'அரபு டாக்கோ' என்று விற்றார்கள். 1960-களில் தலைநகரில் அது மசாலா பூசி, மக்காச்சோள ரொட்டிக்கு மாறியது. ஆக, நம்மூரில் தெருவுக்குத் தெரு சுற்றுகிற ஷவர்மாவுக்கு இது பங்காளி முறை!

பன்றி ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்தது. வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சையும் அப்படித்தான். 'டாக்கோ' என்கிற பெயர்கூட, வெள்ளிச் சுரங்கத் தொழிலாளர்கள் பாறைத் துளையில் செருகிய, காகிதத்தில் சுருட்டிய வெடிமருந்திலிருந்து வந்திருக்கலாம் என்கிறார் வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி பில்ச்சர்.

அப்படியென்றால் அசல் என்று ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. எல்லோரும் கறியையே பார்க்கிறோம். கொஞ்சம் கீழே கிடக்கும் ரொட்டியைப் பாருங்கள். அதன் பெயர் டோர்ட்டியா.

மக்காச்சோளத்தை அப்படியே அரைத்தால் டோர்ட்டியா வராது. சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் கொதிக்கவிட்டு, ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் அலசித் தோலை நீக்கி, அம்மியில் அரைக்கவேண்டும். அந்த ஊர் அம்மிக்கு மெட்டாட்டே என்று பெயர். ஊறிய சோளத்துக்குப் பெயர் நிக்ஸ்டமல். 3,000 வருடங்களுக்கும் மேலாக அந்த மண்ணின் பெண்கள் விடியுமுன் எழுந்து, மண்டியிட்டு, மணிக்கணக்கில் செய்த வேலை இது.

கொலம்பஸுக்குப் பிறகு மக்காச்சோளம் கப்பலேறி ஐரோப்பா போனது. சுண்ணாம்பு போகவில்லை. 'மாவரைக்க மில் இருக்கிறது, சுண்ணாம்பு எதற்கு?' என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. விளைவு பயங்கரம். மூன்று வேளையும் மக்காச்சோளக் கூழையே நம்பியிருந்த ஏழைகளுக்குத் தோல் உரிந்தது, வயிற்றுப்போக்கு வந்தது, புத்தி பேதலித்தது, கடைசியில் சாவு. 1735-ல் ஸ்பெயினில் காஸ்பர் கஸால் என்ற டாக்டர் இதைக் கவனித்தார். இத்தாலியில் 'பெலக்ரா' என்று பெயர் வைத்தார்கள். முரட்டுத் தோல் என்று அர்த்தம்.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களையும் அது பிடித்தது. சுமார் 1 லட்சம் பேர் செத்ததாகக் கணக்கு. கிருமிதான் காரணம் என்று எல்லோரும் அடித்துச் சொல்ல, ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற டாக்டர், "இல்லை, சாப்பாடுதான் காரணம்" என்றார். நிரூபிக்க, 1916-ல் நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை! 1937-ல் கான்ராட் எல்வேயம் விடையைக் கண்டுபிடித்தார். குறைபாடு நியாசின் என்ற வைட்டமினில். மக்காச்சோளத்தில் அது இருக்கிறது, ஆனால் உடம்புக்குக் கிடைக்காமல் பூட்டிக் கிடக்கிறது. பூட்டைத் திறக்கிற சாவி? சுண்ணாம்புத் தண்ணீர்!

அந்தப் பெண்களுக்கு நியாசின் என்ற வார்த்தை தெரியாது. ஆனால் அவர்கள் பிள்ளைகளுக்குத் தோல் உரியவில்லை. சமையல்கட்டில் இருந்த விடை யாருக்கும் விஞ்ஞானமாகத் தெரியாததால், வேறு கண்டங்களில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள்.

இன்றைக்கு மெக்ஸிகோவுக்குக் கவலை வேறு. சுண்ணாம்பில் பதப்படுத்திய ரெடிமேட் மாவு பாக்கெட்டில் கிடைக்கிறது. சத்து இருக்கும், பழைய மணம் இருக்காது. 1994 வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பிறகு அமெரிக்க மக்காச்சோளம் வந்து குவிய, சிறு விவசாயிகள் தடுமாறினார்கள். 2007-ல் டோர்ட்டியா விலை எகிறியபோது தலைநகரில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். நீலம், சிவப்பு, மஞ்சள் என்று சுமார் 60 வகை நாட்டு மக்காச்சோளம் அந்த நாட்டில் உண்டு. அவற்றைக் காப்பாற்ற, மரபணு மாற்றிய மக்காச்சோளம் பயிரிடக்கூடாது என்று 2025-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

2024-ல் மிஷெலின் நட்சத்திரம் வாங்கிய டாக்கோ கடை ஒன்று தலைநகரில் இருக்கிறது. 1968-ல் ஆரம்பித்த 'எல் கலிஃபா டே லியோன்'. பத்தடிக்குப் பத்தடி இடம், மெனுவில் நாலே நாலு டாக்கோ. கறிக்கு உப்பும் எலுமிச்சையும் மட்டும்தான். ஆனால் டோர்ட்டியாவைக் கண்ணெதிரிலேயே தட்டிச் சுடுகிறார்கள்.

எனவே மெக்ஸிகோ போனால், "கறி எப்படி?" என்று விசாரிக்காதீர்கள். "ரொட்டி இங்கேயே தட்டினதா?" என்று கேளுங்கள். கடைக்காரர் முகம் மலர்ந்தால், நீங்கள் சரியான கடைக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.