சொல்பவர் யார்? பொதுத் தொலைக்காட்சித் தொடர்களில் இஸ்லாமிய நாகரிகம்

சில மாதங்களுக்கு முன்பு மாணவர் ஒருவர் தம் கைபேசியில் ஒரு காணொளியை நம்மிடம் காட்டினார். வானூர்தியைக் கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம் என்றும், 9ஆம் நூற்றாண்டில் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ்தான் அவர் என்றும் அது முழங்கியது. "இதைச் சொல்பவர் யார்?" என்று கேட்டோம். மாணவர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பெயர் எதுவும் அகப்படவில்லை. "எல்லோரும் சொல்கிறார்கள், உஸ்தாத்" என்றார்.

ஹதீஸ் பாடத்தில் ஸனதில் ஒரு ராவியின் பெயர் விடுபட்டாலே நிறுத்திக் கேள்வி கேட்கும் மாணவர் அவர். அறிவிப்பாளரின் நேர்மையும் நினைவாற்றலும் ஆராயப்படாத செய்தியை ஏற்கலாகாது என்பதைப் பல ஆண்டுகள் பயின்றவர். ஆயினும் வரலாறு என்று வரும்போது, அதுவும் நம்மைப் புகழும் வரலாறு என்று வரும்போது, அந்த அளவுகோலை அவர் வெளியே வைத்துவிடுகிறார். அவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. நம்மில் பலரும் அவ்வாறே செய்கிறோம். திரையில் சொல்லப்படும் வரலாற்றை எவ்வாறு எடைபோடுவது என்பதற்குப் பொதுத் தொலைக்காட்சிகளின் அரை நூற்றாண்டு அனுபவத்தில் நமக்குப் பாடம் உண்டு. அதனைச் சுருக்கமாக நோக்குவோம்.

பொதுத் தொலைக்காட்சி என்பது விளம்பர வருவாயை நம்பி வணிகமாக நடத்தப்படாமல், மக்களின் கட்டணத்தாலோ அரசின் நிதியாலோ, மக்களுக்கு அறிவூட்டும் கடமையை ஏற்று நடத்தப்படும் ஒளிபரப்பாகும். 1927இல் அரச சாசனம் பெற்ற பி.பி.சி. நிறுவனம் இவ்வகைக்கு முன்னோடி. அது 1936இல் தொலைக்காட்சிச் சேவையையும் தொடங்கியது. அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டின் பொது ஒளிபரப்புச் சட்டத்தின் வழியில் பி.பி.எஸ். வலையமைப்பு 1970இல் இயங்கத் தொடங்கியது. நம் நாட்டில் 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய ஒளிபரப்பே பின்னாளில் தூர்தர்ஷன் ஆயிற்று.

இந்நிறுவனங்கள் வழங்கிய கல்வி நிகழ்ச்சிகள் பல திறப்பட்டவை. பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடங்கள் 1971 தொடங்கி 2006 வரை பி.பி.சி.யில் ஒளிபரப்பாயின. வேலைக்குச் செல்லும் மக்கள் அதிகாலையிலும் பின்னிரவிலும் கணிதமும் வேதியியலும் பயின்றனர். இந்தியாவில் 1967 குடியரசு நாளன்று உழவர்களுக்கான 'கிருஷி தர்ஷன்' தொடங்கியது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையுடன் ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. ஊர்ப் பொதுவிடத்தில் ஒரே பெட்டியின் முன் ஊரார் கூடியிருந்து அவற்றைக் கண்டனர். இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் அவை அமைந்தன. தமிழகம் அத்திட்டத்தில் இடம்பெறவில்லை. 1984இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் 'நாடு தழுவிய வகுப்பறை' தொடங்கியது. அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அதற்கென ஊடக மையங்கள் அமைந்தன. எனினும் அந்நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தமையால் கிராமத்துத் தமிழ் மாணவருக்கு அவை எட்டாக்கனியாயின. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019இல் தொடங்கிய பின்னரே பள்ளிப் பாடங்களுக்கென ஒரு முழு அலைவரிசை தமிழில் வாய்த்தது.

பாடம், வேளாண்மை, இயற்கை, கலை, வரலாறு என இவ்வகைகளை நீட்டிக்கொண்டே போகலாம். ஆனால் இந்தப் பன்மையின் உண்மையான பயன் பொருள்களின் எண்ணிக்கையில் இல்லை என்பதே நம் கருத்து. ஒருவர் சொன்னதற்கு மற்றொருவர் அதே திரையில் மறுமொழி கூற முடிந்ததே, அதில்தான் அப்பயன் இருக்கிறது. இஸ்லாமிய நாகரிகத்தின் வரலாறு அத்திரையில் பட்ட பாடு இதற்குத் தக்க சான்றாகும்.

1969இல் பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசையில் கென்னத் கிளார்க் வழங்கிய 'நாகரிகம்' என்னும் தொடர் 13 பகுதிகளாக வெளிவந்தது. வண்ணத் தொலைக்காட்சி அந்நாட்டில் வேரூன்றிய வேளை அது. அலைவரிசையின் பொறுப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ, வண்ணத்தின் ஆற்றலை வெளிக்காட்டும் கலைத்தொடர் ஒன்றை விரும்பியதே இதன் தோற்றுவாய். கண்ணைக் கவரும் படப்பிடிப்பும் கிளார்க்கின் தெளிந்த உரையும் அதனை உலகெங்கும் புகழடையச் செய்தன. ஆனால் அவர் காட்டிய நாகரிகம் பெரிதும் மேற்கு ஐரோப்பாவுக்கு மட்டுமே உரியது. முதற்பகுதியில் முஸ்லிம்கள் 732இல் புவாத்தியேர் போர்க்களத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட படையாக வருகின்றனர். அப்போர் வேறு விதமாக முடிந்திருந்தால் மேற்கின் நாகரிகமே தோன்றியிராது என்பது அவர் துணிபு. குர்துபாவின் நூலகங்களுக்கும் துலைத்துலா நகரின் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அத்தொடரில் இடமில்லை. ஸ்பெயின் நாட்டையே தாம் விட்டுவிட்டதை அவர் தொடரின் நூல் வடிவத்திற்கு எழுதிய முன்னுரையில் ஒப்புக்கொண்டு விளக்கமும் கூறினார்.

இவ்விடுபாடு நமக்கு வருத்தம் தருவது இயல்பே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தொடரின் துணைத் தலைப்பு 'ஒரு தனிப்பட்ட பார்வை' என்பதாகும். முகமறியாத குரலாக ஒளிந்துகொள்ளாமல், தம் பெயரோடும் முகத்தோடும் பார்வையாளர் முன் நின்று, 'இது என் பார்வை' என்று கிளார்க் அறிவித்தார். நம் கலைச்சொல்லில் கூறினால் ராவி வெளிப்படையாக இருந்தார், தத்லீஸ் இல்லை. ராவி தெரிந்தமையால் அவருடைய சார்பும் தெரிந்தது. சார்பு தெரிந்தமையால் மறுப்பும் எளிதாயிற்று.

அந்த மறுப்பு மூன்றே ஆண்டுகளில் அதே அலைவரிசையிலிருந்து வந்தது. 1972இல் ஜான் பெர்ஜர் வழங்கிய 'காணும் முறைகள்' என்ற நான்கு பகுதித் தொடர், ஓவியங்களுக்குப் பின்னால் இருந்த செல்வத்தையும் உடைமையையும் சுட்டிக்காட்டி, கிளார்க் போன்றோரின் கலைப்பார்வையைக் கேள்விக்குள்ளாக்கியது. தாம் படங்களைத் தொகுத்துக் காட்டும் முறையையும் ஐயத்தோடு நோக்குமாறு பெர்ஜர் பார்வையாளரைக் கேட்டுக்கொண்டார். தம் அறிவிப்பின் குறையைத் தாமே உணர்த்தும் அறிவிப்பாளர் அரியவர்.

1973இல் கணித அறிஞர் ஜேக்கப் பிரனோவ்ஸ்கியின் 'மனிதனின் ஏற்றம்' ஒளிபரப்பாயிற்று. கிளார்க் விட்ட இடத்தை அவர் தொட்டார். ஒரு பகுதியில் அல்ஹம்ரா அரண்மனையின் சுவர்களிலுள்ள வடிவியல் கோலங்களின் முன் நின்று, அவற்றில் பொதிந்துள்ள சமச்சீரின் கணிதத்தை விளக்கினார். ஒளியியலில் இப்னுல் ஹைஸமின் இடத்தையும் எடுத்துரைத்தார். 1985இல் ஜேம்ஸ் பர்க் தம் தொடரின் ஒரு பகுதியில், அந்தலுஸின் அறிவுச் செல்வம் துலைத்துலாவின் மொழிபெயர்ப்புகள் வழியே ஐரோப்பாவை அடைந்த வரலாற்றைச் சொன்னார். இவர்கள் முஸ்லிம்கள் அல்லர். நம்மை மகிழ்விக்கும் நோக்கமும் அவர்களுக்கு இல்லை. அறிவின் வரலாற்றை நேர்மையாகப் பின்தொடர்ந்தவர்களுக்கு அவ்வழியைத் தவிர்க்க இயலவில்லை.

அடுத்த கட்டத்தில் முஸ்லிம்களே அறிவிப்பாளராயினர். 1993இல் பாகிஸ்தானைச் சேர்ந்த மானிடவியல் அறிஞர் அக்பர் அஹ்மத், 'வாழும் இஸ்லாம்' என்ற ஆறு பகுதித் தொடரை பி.பி.சி.யில் வழங்கினார். 2001 மே மாதம் அமெரிக்காவின் பி.பி.எஸ்., இஸ்லாமியப் பேரரசுகளின் வரலாற்றை விரிவான ஆவணப்படமாக ஒளிபரப்பியது. நான்கு மாதங்களில் செப்டம்பர் 11 நிகழ்வுகள் வந்தன. அந்தப் பதற்றம் தணியாத 2002 டிசம்பரில் அதே பி.பி.எஸ்., நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பற்றிய படத்தை வெளியிட்டது. அண்ணலாரை உருவமாகக் காட்டாமல், அறிஞர்களின் விளக்கத்தோடும் அமெரிக்க முஸ்லிம்களின் அன்றாட வாழ்வோடும் அது பின்னப்பட்டிருந்தது. வெறுப்பு விலைபோகும் காலத்தில் அத்தகைய படத்தைத் திரையிட, பார்வையாளர் எண்ணிக்கையை மட்டுமே கணக்கிடாத ஒரு நிறுவனம் தேவைப்பட்டது.

2009 சனவரியில் வந்த 'அறிவியலும் இஸ்லாமும்' என்ற மூன்று பகுதித் தொடர் தனியே குறிப்பிடத்தக்கது. பக்தாதில் பிறந்த இயற்பியல் பேராசிரியர் ஜிம் அல்கலீலி அதனை வழங்கினார். தாம் மத நம்பிக்கை உடையவர் அல்லர் என்று வெளிப்படையாகக் கூறுபவர் அவர். அல்குவாரிஸ்மியின் அல்ஜப்ராவையும், மலை உச்சியிலிருந்து தொடுவானத்தின் தாழ்வைக் கோணமாக அளந்து பூமியின் சுற்றளவைக் கணித்த அல்பிரூனியின் முறையையும் விளக்கினார். கோபர்னிக்கஸின் வானியலில் நசீருத்தீன் தூசியின் கணிதம் காணப்படுவதையும் எடுத்துக்காட்டினார். அதோடு நில்லாமல், அந்த அறிவியல் மரபு பின்னர் ஏன் தளர்ந்தது என்ற கசப்பான கேள்வியையும் எழுப்பினார். மூன்றாம் பகுதிக்கு அவர் இட்ட தலைப்பு 'ஐயத்தின் ஆற்றல்' என்பதாகும்.

அத்தலைப்பு நம் மரபுக்கு அந்நியமானதன்று. பஸராவில் பிறந்து காஹிராவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், 'கிதாபுல் மனாழிர்' எழுதியதோடு, தாலமியின் மீதான ஐயங்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். முன்னோர் நூல்களைப் படிப்பவர் அவற்றின்மீது மட்டுமன்றித் தம் சொந்த எண்ணத்தின்மீதும் ஐயம் கொள்ள வேண்டும் என்பது அவர் நெறி.

இறுதியாக 2018இல் பி.பி.சி. தன் பழைய தொடரைப் புதுப்பித்தபோது அதற்கு இட்ட பெயர் 'நாகரிகங்கள்'. ஒருமை பன்மையாயிற்று. ஓர் அறிவிப்பாளருக்குப் பதில் மூவர் வந்தனர். மைக்கலாஞ்சலோவைக் காட்டிய திரையே உஸ்மானியக் கட்டடக் கலைஞர் சினானையும் அவரோடு ஒருங்கே வைத்துக் காட்டியது. இம்மாற்றம் 49 ஆண்டுகளில் நிகழ்ந்தது. கிளார்க்கின் தொடரைத் தடை செய்து எவரும் இதனைச் சாதிக்கவில்லை. அதற்கு விடையாக மற்றொன்று, அதற்கும் விடையாக வேறொன்று என வரிசையாக வந்த தொடர்களே இதனைச் சாதித்தன. நம் ஃபிக்ஹு மரபில் இமாம்களின் இக்திலாஃப் சட்டத்தை வளப்படுத்தியதைப் போன்றது இது.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1988இல் ஷியாம் பெனகல் இயக்கத்தில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'பாரத் ஏக் கோஜ்', 53 பகுதிகளைக் கொண்டது. அகமதுநகர் கோட்டைச் சிறையில் நேரு எழுதிய நூலே அதற்கு அடிப்படை. நேருவாக நடித்தவர் திரையில் தோன்றி வரலாற்றைச் சொல்வார். சிலப்பதிகாரம், சோழர், தில்லி சுல்தான்கள், அக்பர், ஔரங்கசீப் அனைவரும் ஒரே வரிசையில் இடம்பெற்றனர். அது நேருவின் பார்வை என்பது யாவருக்கும் தெரியும். உடன்படாதவர் நூலை எடுத்து ஒப்பிட்டு மறுக்கலாம். ஆனால் அக்காலத் தூர்தர்ஷன் அரசின் துறையாகவே இருந்தது. பிரசார் பாரதி தன்னாட்சி அமைப்பாக 1997இல்தான் உருப்பெற்றது. ஒரு கிளார்க்குக்கு ஒரு பெர்ஜர் மறுமொழி கூறியதுபோன்ற தொடர்ச்சி இங்கே போதிய அளவு வளரவில்லை என்பதை வருத்தத்தோடு கூற வேண்டியுள்ளது.

இனி இப்னு ஃபிர்னாஸிடம் திரும்புவோம். அவர் இறகுகளைப் பூட்டிக்கொண்டு பறக்க முயன்றார் என்றும், வெகு தொலைவு சென்று இறங்குகையில் முதுகில் அடிபட்டார் என்றும் விரிவாகக் கூறுபவர் அல்மக்கரீ. அவர் 1632இல் மறைந்தவர். இப்னு ஃபிர்னாஸ் மறைந்ததோ 887இல். இடைவெளி ஏழு நூற்றாண்டுகளுக்கும் மேல். ஆயினும் இப்னு ஃபிர்னாஸின் காலத்துக் கவிஞரான முஃமின் இப்னு ஸயீத் அவரைப் பற்றிப் பாடிய ஓர் அடியை அல்மக்கரீ சான்றாகத் தருகிறார். ஆகவே செய்தியை முற்றிலும் தள்ளுவதற்கில்லை. துணிச்சலான ஒரு முயற்சி நடந்திருக்கலாம் என்று சொல்லலாம். வானூர்தியைக் கண்டுபிடித்தார் என்று சொல்ல இயலாது.

இதனை விளக்கியபோது மாணவர் முகம் சற்று வாடியது. நம் பெருமையை நாமே குறைப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் மிகைப்படுத்திய ஒரு செய்தி பொய்யென்று வெளிப்படும் நாளில், அதனருகே நாம் வைத்திருக்கும் பத்து உண்மைகளும் சேர்ந்து ஐயத்துக்குள்ளாகும். அல்பிரூனிக்கும் இப்னுல் ஹைஸமுக்கும் நாம் செய்யும் அநீதி அது. கிளார்க் விட்டதைப் பிறர் நிரப்பினர். நாம் கூட்டியதைக் கழிக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.

அன்று முதல் நம் வகுப்பில் ஒரு பழக்கத்தைத் தொடங்கினோம். வரலாறு பற்றிய எந்தக் காட்சியைப் பார்க்கும் முன்பும் மாணவர்கள் ஏட்டில் நான்கு வரிகள் எழுத வேண்டும்: சொல்பவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், செலவை ஏற்றவர் யார், இதனை மறுத்தவர் யார். காணொளியைக் கொண்டுவந்த அந்த மாணவர் சென்ற வாரம் வேறொரு காணொளியைக் காட்டினார். முதல் மூன்று வரிகளையும் நிரப்பியிருந்தார். நான்காவது வரிக்காக நூலகத்திற்குப் போக அனுமதி கேட்டார்.