சரியவிட்ட கண்ணாடி

கண்ணாடி ஊதப் பழகுகிறவருக்கு முதல் பாடம், குழலை நிறுத்தாமல் சுழற்றுவது. சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலையிலிருந்து எடுத்த கண்ணாடி, தேன்போலக் கனிந்து குழல்முனையில் தொங்கும். கை சற்று நின்றாலும் ஒரு பக்கம் சரியும். அப்படிச் சரிந்த பாத்திரம் பழுது என்று ஒதுக்கப்பட்டது. பல நூற்றாண்டுகளாகத் தொழில்திறமை என்றாலே இந்தச் சரிவைத் தடுப்பதுதான். சரிவையே வடிவமாக ஏற்ற கிண்ணங்கள் 1977-இல் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் பிறந்தன.

அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த நாட்டில் கண்ணாடி ஊதுவது பெரும்பாலும் ஆலைத் தொழில். தனியொரு கலைஞர் சிறு உலை மூட்டித் தானே ஊத முடியும் என்று காட்ட, 1962-இல் டொலிடோ கலை அருங்காட்சியக வளாகத்துக் கொட்டகையில் ஒரு பயிலரங்கை நடத்தினார் மட்பாண்ட ஆசிரியர் ஹார்வி லிட்டில்டன். முதலில் உருக்கிய கலவை சரிப்படவில்லை. டொமினிக் லபீனோ என்ற ஆலை நிபுணர், கண்ணாடியிழை தயாரிக்கப் பயன்படும் கண்ணாடிக் கோலிகளை உருக்கச் சொன்னார். அது இளகி வந்தது. ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஹார்வி லீஃப்கிரீன் வந்து ஊதிக் காட்டினார். ஸ்டூடியோ கண்ணாடி இயக்கத்துக்கு இந்தக் கொட்டகைதான் பிறந்த வீடு. அந்த முதியவரின் கைப்பழக்கம் இல்லாமல் அது நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

லிட்டில்டனிடம் விஸ்கான்சினில் படித்தவர் டேல் சிஹூலி. 1968-இல் வெனிஸ் அருகே முரானோ தீவின் வெனீனி ஆலைக்குப் போனவர், ஒரே பாத்திரத்துக்காகப் பலர் கைகோத்து உழைப்பதை அங்கே பார்த்தார். 1971-இல் சியாட்டிலுக்கு வடக்கே பில்சக் கண்ணாடிப் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1976-இல் இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில் இடது கண் போயிற்று. ஊதுவதை அவர் விடவில்லை.

அடுத்த ஆண்டு சொந்த ஊரான டகோமாவில், வாஷிங்டன் மாநில வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பைப் பார்க்கப் போனார். வடமேற்குக் கடற்கரைப் பழங்குடியினர் முடைந்த கூடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. தம் எடையாலேயே வாய் கோணி, விலா அமுங்கி இருந்தன. சிஹூலியைப் பிடித்துக்கொண்டது அந்தத் தொய்வுதான். கூடை முடைந்த கைகளுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. கண்ணாடியைப் பற்றிப் பேசும்போது அதை அழுத்தியே சொல்ல வேண்டும்.

அந்தக் கோடையில் பில்சக்கில் வேலை நடந்தது. சுவர் எவ்வளவு மெல்லியதாக வருமோ அவ்வளவுக்கு ஊதினார்கள். மறுபடி தீயில் காட்டி, இளகியதும் தன் எடைக்குத் தானே அமுங்க விட்டார்கள். தடுக்காமல் விடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் எந்தக் கணத்தில் தீயிலிருந்து விலக்குவது என்பதில்தான் வித்தை இருக்கிறது. கொஞ்சம் பிந்தினால் கிண்ணம் சுருண்டு கட்டியாகிவிடும். பிறகு சூளையில் மெல்ல மெல்ல ஆற வேண்டும், அவசரப்பட்டால் விரிசல். காவி, புகையிலைப் பழுப்பு நிறங்கள். பெரிய கூடைக்குள் சின்னக் கூடைகளைச் சேர்த்து ஒரே படைப்பாக வைத்தார் அவர்.

1979-இல் தோள்மூட்டு நழுவியபின் ஊதும் பொறுப்பைக் குழுவினரிடம் தந்து, வரைந்தும் சொல்லியும் வழிநடத்தினார். 1980-இல் இதே கூடைகளிலிருந்து வரிவரியான ‘சீஃபார்ம்ஸ்’ கிளைத்தன. அடுத்து, புள்ளித் தெறிப்புகள் நிறைந்த ‘மாக்கியா’ கிண்ணங்கள். பின்னாளில் அவர் செய்த பிரம்மாண்டமான தொங்குவிளக்குகளைக் காட்டிலும் இந்த முதல் கூடைகளே எனக்கு உயர்ந்தவை. சூடு எந்தப் பக்கம் ஏறியது, கண்ணாடி எந்தப் பக்கம் அமர்ந்தது என்று அவற்றின் விளிம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம்.