ஆர்.வி. வண்டிகளைப் பனிக்காலத்துக்கு மூடிவைத்தல்

சமையலறை, படுக்கை, கழிப்பறை ஆகியவற்றோடு சிறு வீடாகவே கட்டப்படும் பயண வண்டிகளை வட அமெரிக்காவில் ஆர்.வி. என்பார்கள். தானே ஓடும் மோட்டார் வண்டியும் உண்டு, காரோ பிக்கப்போ இழுத்துச் செல்லும் டிரெய்லரும் உண்டு. இவற்றில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. அந்த ஊரே பனி கொட்டும் ஊர்தான். ஆனாலும் வண்டிகளின் தண்ணீர்க் குழாய்கள் மெல்லிய சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் ஓடுகின்றன. உள்ளே ஹீட்டர் எரியாவிட்டால் வெளிக்குளிர் சில மணி நேரத்தில் அவற்றை எட்டிவிடும். அதனால் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் பலர், முதல் கடும் உறைபனி விழுமுன் வண்டியை மூடிவைக்கிறார்கள். ஓய்வுபெற்றவர்களில் சிலர் அரிசோனாவுக்கோ புளோரிடாவுக்கோ வண்டியை ஓட்டிப்போய் இந்த வேலையிலிருந்தே தப்பித்துக்கொள்வார்கள்.

தண்ணீரை வெளியேற்றுதல்

நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். இன்றைய வண்டிகளில் உள்ள பெக்ஸ் பிளாஸ்டிக் குழாய் ஓரளவு விரிந்து கொடுக்கும். உடைவன பெரும்பாலும் இணைப்புகள், பம்பு, கழிப்பறையின் நீர் வால்வு போன்றவையே. விரிசல் விட்டது பனிக்காலத்தில் தெரியாது. வசந்தத்தில் தண்ணீரைத் திறந்ததும் சுவருக்குப் பின்னால் ஒழுகி, மரச்சட்டம் ஊறிய பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள்.

முதலில் நன்னீர்த் தொட்டியையும் இரு கழிவுத் தொட்டிகளையும் காலி செய்ய வேண்டும். வெந்நீர்த் தொட்டியை அணைத்து, ஆறவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே அதன் அடைப்பைக் கழற்றலாம். அவசரப்பட்டால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். எஃகுத் தொட்டியாக இருந்தால் அடைப்போடு ஒரு நேர்மின்வாய்க் கம்பியும் வெளியே வரும். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தீர்வதே அந்தக் கம்பியின் வேலை. பெரும்பகுதி தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

அதன்பின் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கம்ப்ரஸர் காற்றைச் செலுத்திக் குழாய்களில் எஞ்சிய நீரை ஊதித் தள்ளுவது. அழுத்தம் 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக்கூடாது. மற்றது, இளஞ்சிவப்பு நிற உறைதடுப்பு நீர்மத்தைப் பம்பின் வழியாக ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் நிறம் தென்படும்வரை திறந்துவிடுவது. வெந்நீர்த் தொட்டிக்குள் போகாமல் அதைச் சுற்றிப்போகும் வால்வைத் திருப்பிவிட்டால், 20 லிட்டருக்கும் மேற்பட்ட நீர்மம் வீணாகாது. இது புரோப்பிலின் கிளைக்கால் கலந்த நீர்மம். என்ஜினுக்கு ஊற்றும் எத்திலின் கிளைக்கால் நஞ்சு. குடிநீர்க் குழாயில் அது சேரவே கூடாது. புட்டியில் ‘மைனஸ் 50 ஃபாரன்ஹீட்’ (சுமார் மைனஸ் 46 செல்சியஸ்) என்று போட்டிருந்தால், அந்தக் குளிர்வரை குழாய் வெடிக்காது என்று பொருள். நீர்மம் அதற்கு வெகு முன்பே கூழாகிவிடும், அதில் பயமில்லை. காற்று மட்டும் போதும் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் பம்பின் உள்ளறையிலும் கழுவுதொட்டிக்கு அடியிலுள்ள வளைகுழாயிலும் தேங்கும் நீரைக் காற்று முழுதாக வெளியேற்றாது. எப்படியும் அங்கே நீர்மம் ஊற்றியாக வேண்டியிருப்பதால், முழுவதையும் அதைக் கொண்டே செய்வதுதான் மேல்.

மறந்துபோகும் இடங்கள் சில உண்டு: வண்டியின் வெளிப்புற ஷவர், ஐஸ் தயாரிக்கும் கருவி, துணி துவைக்கும் இயந்திரம், வெளியிலிருந்து தண்ணீர்க் குழாய் மாட்டும் வாய்.

மற்றவை

முழு மின்னேற்றம் உள்ள ஈய-அமில பேட்டரி கடுங்குளிரையும் தாங்கும். தீர்ந்துபோன பேட்டரியோ உறைநிலைக்குச் சற்றுக் கீழேயே உறைந்து வெடித்துவிடும். எனவே மின்னேற்றி, இணைப்பைக் கழற்றி வைக்கிறார்கள். லித்தியம் பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. புரோப்பேன் சிலிண்டரின் வால்வு மூடியிருக்க வேண்டும். சிலிண்டரை வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கக்கூடாது. பெட்ரோல் தொட்டியை நிரப்பி, எரிபொருள் கெடாமல் காக்கும் மருந்தைச் சேர்த்து, அது கார்புரேட்டர்வரை போகும்படி ஜெனரேட்டரைச் சிறிது நேரம் ஓட்டுவது வழக்கம்.

எலிகள் ஒரு தனித் தொல்லை. சுண்டுவிரல் நுழையும் துளை இருந்தாலே உள்ளே வந்து, மின்கம்பியைக் கடித்து, மெத்தைப் பஞ்சில் கூடு கட்டும். அடித்தளத்தில் கம்பிகள் நுழையும் இடங்களை எஃகு நார் வைத்து அடைக்கிறார்கள். உணவுப்பொருள் எதுவும் உள்ளே இருக்கலாகாது. பூசணம் பிடிக்காமலிருக்கக் குளிர்பெட்டியின் கதவைத் திறந்தே விடவேண்டும்.

மேலே போர்த்த, காற்றுப் புகும் துணி உறையே நல்லது. மலிவான நீலத் தார்ப்பாய் ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும். காற்றில் அடித்துக்கொண்டு பெயின்டையும் உராய்ந்துவிடும். போர்த்துமுன் கூரையின் விளிம்பு, ஜன்னல், காற்றுத்துளை ஆகியவற்றைச் சுற்றியுள்ள பசைப்பூச்சில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து அடைத்துவிட வேண்டும்.

வசந்தத்தில் நீர்மத்தை நன்றாகக் கழுவி வெளியேற்றிவிட்டு, குளோரின் ப்ளீச் சிறிதளவு கலந்த நீரைக் குழாய்களில் சில மணி நேரம் நிற்கவைத்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீர் விட்டு அலசுவார்கள். வெந்நீர்த் தொட்டி நிரம்பும்முன் அதைச் சூடாக்கும் சுவிட்சைப் போட்டால், அதனுள் உள்ள சூடேற்றும் கம்பி சில நொடிகளில் கருகிவிடும்.