சப்பாத்துக் கடைக்காரர் செய்த ரொக்கெட்

"சேர், ரொக்கெட் விமானம் மாதிரி மிதந்து இறங்குமா?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. இறங்கும். அதற்கு ஒரு கதையே இருக்கிறது.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் நோர்போக் என்ற ஊரில் சப்பாத்துக் கடை வைத்திருந்தவர் ஓர்வில் கார்லைல். வாணவேடிக்கைப் பிரியர். விமான மாதிரிகள் செய்யும் தன் சகோதரருக்காக 1954இல் ஒரு சின்ன ரொக்கெட் செய்தார். உடல் காகிதம், செட்டை பல்சா மரம், இறங்குவதற்குப் பரசூட். மருந்து அடைத்த மோட்டாரை மட்டும் மாற்றினால் மறுபடியும் விடலாம்.

1957 ஒக்டோபரில் ஸ்புட்னிக் பறந்த பிறகு, அங்கே பிள்ளைகள் இரும்புக் குழாயில் தாங்களே மருந்தை இடித்து அடைத்துக் கையையும் கண்ணையும் பறிகொடுத்தார்கள். மருந்தைப் பிள்ளை தொடவே தேவையில்லை என்ற கடைக்காரரின் யோசனைக்கு அப்போதுதான் மதிப்பு வந்தது.

1960களில் கிளைடர் சேர்ந்தது. அதில்தான் சிக்கல். நேரே ஏற மூக்குப் பாரமாக இருக்க வேண்டும், மிதக்க அந்தப் பாரம் கூடாது. ஆகவே மோட்டாரை மூக்கில் ஒரு கூட்டுக்குள் வைத்தார்கள். எரிந்து முடிகிற நேரத்துச் சிறு வெடிப்பு கூட்டைக் கழற்றிவிடும், கிளைடர் தனியே மிதக்கும்.

விடுவதற்கு முன் மோட்டார் இல்லாமல் புல்லில் எறிந்து பார்ப்பார்கள். மூக்குக் குத்தினால் மூக்கிலுள்ள களிமண்ணில் கொஞ்சம் கிள்ளுவார்கள். தலை தூக்கித் தடுமாறினால் கொஞ்சம் ஒட்டுவார்கள்.

இவ்வளவையும் எங்கள் பிள்ளைகளும் செய்யலாம். வியாழன் பின்னேரம் மைதானத்தில் எறிந்து பார்க்கப் போகிறோம். பெருநாள் வெடிலை உடைத்து மருந்து சேர்க்கும் தம்பிமார் கட்டாயம் வாருங்கள்.