காதலுக்குக் குறுக்கே நின்றவர்கள்

தமிழ்ப் படங்களில் காதல் நகைச்சுவை பெரும்பாலும் ஒரு பொய்யில் பிறக்கிறது. காதலிப்பவர் தன்னை வேறு யாரோ என்று சொல்லிக்கொள்கிறார். அதைக் காப்பாற்ற இன்னொரு பொய், அதற்கு முட்டுக்கொடுக்க மற்றொன்று. கடைசியில் எல்லாம் வெளுத்துப் போய்க் கல்யாணத்தில் முடியும். இந்தக் கட்டுமானம் எழுபது ஆண்டுகளாக அதிகம் மாறவில்லை. பொய் யாரிடம் சொல்லப்பட்டது என்பதுதான் மாறிவந்திருக்கிறது.

1955இல் விஜயா புரொடக்‌ஷன்ஸ் எடுத்த 'மிஸ்ஸியம்மா'வில் பொய்க்குக் காரணம் வயிற்றுப்பாடு. கணவன் மனைவியாக இருக்கும் ஆசிரியர்களுக்கே வேலை என்று ஒரு கிராமத்துப் பள்ளி கேட்கிறது. வேலையில்லாத இந்து இளைஞனும் கடன் தொல்லையில் இருக்கும் கிறிஸ்தவப் பெண்ணும் தம்பதி என்று சொல்லி அங்கே போய்ச் சேர்கிறார்கள். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்த அந்த ஜோடி ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டே காதலில் விழுகிறது. வங்காளத்திலிருந்து எடுத்தாண்ட கதை அது. அன்றைய தமிழ்க் குடும்பங்கள் முகம் சுளிக்காமல் அதைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு: அந்தப் பெண் ஜமீன்தாரின் காணாமற்போன மகள் என்று கடைசியில் தெரிந்துவிடுகிறது. மதம் தாண்டிய காதலைத் தொட்டுவிட்டு, பிறப்பைக் காட்டி நழுவிக்கொண்டது திரைக்கதை. சாவித்திரியின் முகத்தில் இருந்த துணிச்சல் கதைக்கு இல்லாமல் போனது.

1964இல் ஸ்ரீதர் இயக்கி, சித்ராலயா கோபுவுடன் சேர்ந்து எழுதிய 'காதலிக்க நேரமில்லை' இந்த வகைக்கே இலக்கணம் வகுத்தது. அதுவரை கண்ணீர்க் கதைகளுக்குப் பேர்பெற்றிருந்த ஸ்ரீதர், முழுக்க முழுக்கச் சிரிப்பை நம்பிய படம் இது. சமகாலக் கதையை முழுநீள வண்ணத்தில் சொன்ன முதல் தமிழ்ப் படமாகவும் அது சொல்லப்படுகிறது. ரவிச்சந்திரனுக்கு முதல் படம். எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக டி.எஸ். பாலையா. மகள்கள் இருவருக்கும் பணக்கார மாப்பிள்ளை தேடுவதே அவருடைய வேலை. அவரிடம் வேலை பார்த்து விரட்டப்பட்ட அசோக் (ரவிச்சந்திரன்), அவர் வீட்டு முன்பாகவே கூடாரம் போட்டு உட்கார்ந்து, இளைய மகளையும் காதலிக்கிறான். பொள்ளாச்சிக்கு அருகே ஆழியாறு அணைப் பக்கத்து விருந்தினர் மாளிகைதான் அந்த வீடு.

அசோக் தன்னைக் கோடீஸ்வரர் சிதம்பரத்தின் மகன் என்கிறான். கோடீஸ்வரர் நேரில் வர வேண்டுமே! நண்பன் வாசுவுக்கு நரைத்த தலையும் தாடியும் வைத்து அப்பாவாகக் கூட்டிவருகிறான். மூத்த மகள்தான் வாசுவின் காதலி என்பது வந்த பிறகே தெரிகிறது. கட்டிக்கொள்ள வேண்டியவளின் முன்னால் கிழவனாக நடமாட வேண்டிய இக்கட்டில் வாசுவாக நடித்த முத்துராமன் மாட்டிக்கொள்கிறார். பணத்தைப் பார்த்தவுடன் குழைகிற அப்பாவை, அந்தப் பணத்தாசையை வைத்தே ஏமாற்றுகிறார்கள் என்பதில்தான் படத்தின் கூர்மை இருக்கிறது.

எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் காட்சி காதலர்களுடையதன்று. முதலாளியின் மகன் செல்லப்பாவுக்கு 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்ற பெயரில் படம் எடுக்க ஆசை. அப்பாவிடம் கதை சொல்கிறான். செல்லப்பாவாக நடித்த நாகேஷுக்குத் துணை இரண்டு கைகளும் தொண்டையும்தான். கதவு கிறீச்சிடுவதும் காற்று வீசுவதும் காலடி நெருங்குவதும் அவர் வாயிலிருந்தே வருகின்றன. பாலையா ஏறக்குறைய ஒன்றுமே பேசுவதில்லை. கண் விரிகிறது, உதடு கோணுகிறது, உடம்பு நாற்காலிக்குள் சுருங்குகிறது. மகள்களை அதட்டும் அப்பா ஒரு கதையைக் கேட்டே நடுங்குவதைப் பார்த்த பிறகு, காதலுக்கு அவர் பெரிய தடையாகத் தெரிவதில்லை. இந்தப் படம் தெலுங்கிலும் இந்தியிலும் மறுபடி எடுக்கப்பட்டது.

கே. பாக்யராஜின் 'இன்று போய் நாளை வா' (1981) இதே அப்பாவை எஸ்டேட்டிலிருந்து தெருவுக்கு இறக்கியது. எதிர்வீட்டுக்கு வந்த பெண்ணை மடக்க மூன்று நண்பர்கள் போட்டி போடுகிறார்கள். பெண்ணின் அப்பாவிடம் இந்தி கற்கப் போகிற சாக்கு அதில் ஒன்று. பெண்ணிடம் பேசுவதற்கு முன் அவள் குடும்பத்திடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற நடுத்தர வர்க்க வழக்கத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்த படங்கள் குறைவு.

1996இல் அகத்தியனின் 'காதல் கோட்டை' அப்பாவை ஓரத்துக்குத் தள்ளியது. அதை நகைச்சுவைப் படம் என்று சொல்ல முடியாது. ஆனால் பின்னால் வந்தவற்றுக்கு அது வழிவிட்டது. ஊட்டியில் ஒருத்தி, ஜெய்ப்பூரில் ஒருவன், முகம் பாராமல் கடிதத்திலேயே காதல். குறுக்கே நிற்பது தூரம் மட்டும். சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது அகத்தியனுக்குக் கிடைத்தது. நான்கு ஆண்டு கழித்து மணிரத்னத்தின் 'அலைபாயுதே'யில் காதலர்கள் ரகசியமாகத் தாலி கட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். வீட்டாருக்குத் தெரிந்து வெளியேறிய பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது: ஒரே வீட்டில் இருவரும் சேர்ந்து வாழ்வது. அதே இயக்குநரின் 'ஓ காதல் கண்மணி' (2015) கல்யாணமே வேண்டாம் என்கிற இருவரை மும்பையில் ஒரு முதிய தம்பதியின் வீட்டில் குடிவைத்தது.

2022 நவம்பரில் வந்த பிரதீப் ரங்கநாதனின் 'லவ் டுடே'யில் அப்பா திரும்பி வந்தார். பெண் கேட்டு வந்தவனை சத்யராஜ் அடிக்கவில்லை, விரட்டவும் இல்லை. இருவரும் ஒரு நாள் போனை மாற்றிக்கொள்ளுங்கள், அதன் பிறகும் கட்டிக்கொள்வதாக இருந்தால் தடையில்லை என்கிறார். அழித்த செய்திகள், பழைய சிநேகம், வேறு பெயரில் வைத்திருந்த கணக்கு எல்லாம் ஒரே நாளில் வெளிவருகின்றன. 1964இல் பொய் அப்பாவுக்காகச் சொல்லப்பட்டது. இங்கே காதலர்கள் ஒருவருக்கொருவர் மறைத்தவை அம்பலமாகின்றன, அப்பா வேடிக்கை பார்க்கிறார். இந்தப் படம் இளைஞர்களிடம் பெற்ற வெற்றிக்கு இப்படி அம்பலமாவதில் உள்ள கூச்சமே காரணம். திரையில் கைமாறிய போனைப் பார்த்து, தன் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டவர்கள் சிரித்தார்கள்.

2025 பொங்கலுக்கு 'காதலிக்க நேரமில்லை' என்ற தலைப்பு மறுபடி வந்தது. கிருத்திகா உதயநிதி இயக்கினார். மேலே சொன்ன படங்களில் பெண் இயக்கியது இது ஒன்றுதான். பழைய கதைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நித்யா மேனன் நடித்த ஸ்ரேயா, காதலன் ஏமாற்றியது தெரிந்ததும் கல்யாணத்தை விட்டுவிட்டு, மருத்துவ உதவியோடு தனியாகக் குழந்தை பெற முடிவெடுக்கிறாள். ரவி மோகனின் சித்தார்த் குழந்தையே வேண்டாம் என்பவன். அவர்களுக்குள் ஈர்ப்பு வரும்போது எந்த அப்பாவிடமும் போய்ப் பணக்காரனாக நடிக்க வேண்டியதில்லை. அவளுக்குக் குழந்தை வேண்டும், அவனுக்கு வேண்டாம். பேசித் தீர்க்க வேண்டியது அதைத்தான்.