பின்பக்க பிளேடு: சிறு டிராக்டருக்கான அளவுத் தேர்வு

பின்பக்க பிளேடு என்பது டிராக்டரின் பின்னால் மூன்று புள்ளி இணைப்பில் (இரு கீழ்க்கைகளும் ஒரு மேல் இணைப்பும் கொண்ட தூக்கு அமைப்பில்) மாட்டி இழுக்கப்படும் வளைந்த எஃகுத் தகடு. மண்ணையும் சரளையையும் பனியையும் சுரண்ட, ஒதுக்க, பரப்ப இது பயன்படுகிறது. வட அமெரிக்காவின் கிராமப்புறங்களில் சுமார் 20 முதல் 50 குதிரைத்திறன் வரையுள்ள சிறு டிராக்டர் வைத்திருப்பவர்கள் முதலில் வாங்கும் கருவிகளில் இதுவும் ஒன்று. வீட்டிலிருந்து பொதுச்சாலை வரை நீளும் சரளைப் பாதையைப் பேணுவதும், குளிர்காலத்தில் அதில் விழும் பனியை அகற்றுவதும் அங்கே வீட்டுக்காரரின் பொறுப்பு. சந்தையில் 4 அடி முதல் 8 அடி வரை நீளமுள்ள பிளேடுகள் கிடைக்கின்றன. அவற்றுள் சரியானதைத் தேர்வதற்கு மூன்று அளவுகள் வேண்டும்: டிராக்டரின் பின் சக்கரங்களுக்கு வெளிப்புறமாக உள்ள அகலம், டிராக்டரின் எடை, பிளேடின் எடை.

அமைப்பு

பிளேடின் உடல் ஒரு வளைந்த தகடு. சுரண்டிய மண் அந்த வளைவில் ஏறி உருண்டு ஒரு பக்கமாக நகரும். தகட்டின் அடியில் கடினமான எஃகாலான வெட்டுப்பட்டை போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். தேய்வது இந்தப் பட்டைதான். பல மாடல்களில் அதன் ஒரு விளிம்பு தேய்ந்ததும் கழற்றித் தலைகீழாக மாட்டிக்கொள்ளலாம்.

பிளேடில் மூன்று வகைத் திருத்தங்கள் உண்டு. முதலாவது கோணம்: தகட்டை அச்சாணியில் சுற்றி, ஒரு முனை முன்னும் மறுமுனை பின்னும் வரும்படி திருப்புவது. இரண்டாவது பக்க நகர்வு: முழுத் தகட்டையும் டிராக்டரின் நடுக்கோட்டிலிருந்து இடமாகவோ வலமாகவோ தள்ளி வைப்பது. மூன்றாவது சரிவு: ஒரு முனையைத் தாழ்த்தி மறுமுனையை உயர்த்துவது. விலை குறைந்த பிளேடுகளில் கோணம் மட்டுமே மாற்ற முடியும். சரிவு வேண்டுமென்றால் மூன்று புள்ளி இணைப்பின் ஒரு பக்கத் தூக்குத் தண்டின் நீளத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வரலாறு

சாலையைச் சுரண்டிச் சமன்செய்யும் கருவிகள் குதிரைகளின் காலத்திலேயே இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிசூரி மாநிலத்து விவசாயி டி. வார்ட் கிங் பரப்பிய பிளந்த மரத்தடி இழுவை அவற்றுள் புகழ்பெற்றது. ஒரு மரத்தடியை நீளவாக்கில் பிளந்து, இரு பாதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்து, மழைக்குப் பிறகு மண்சாலையில் குதிரைகள் இழுத்துச் செல்லும். தடியை நேராக இழுக்காமல் குறுக்குக் கோணத்தில் இழுப்பதில்தான் அதன் பயன் இருந்தது. கோணத்தில் போகும்போது ஓரத்து மண் சாலையின் நடுவுக்கு நகர்ந்தது, நடு உயர்ந்தது, தண்ணீர் வடிந்தது.

இந்த வேலையை டிராக்டருக்கு மாற்றியது மூன்று புள்ளி இணைப்பு. அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய அம்முறை, 1939-ல் வெளிவந்த ஃபோர்டு 9என் டிராக்டர் வழியே அமெரிக்கப் பண்ணைகளில் பரவியது. 1969-ல் ஜப்பானின் குபோட்டா நிறுவனம் 21 குதிரைத்திறன் கொண்ட எல்200 டிராக்டரை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிற ஜப்பானிய நிறுவனங்களின் வண்டிகளும் வந்தன. சில ஏக்கர் நிலம் மட்டுமே வைத்திருப்பவர் கைக்கும் டிராக்டர் வந்தது. பெரிய வண்டிக்கு அமைந்த பிளேடு சின்ன வண்டிக்குப் பொருந்தாததால் அளவுத் தேர்வு என்ற கேள்வியும் கூடவே வந்தது.

அகலக் கணக்கு

6 அடி பிளேடு, திருப்பாமல் நேராக நிற்கும்போதுதான் 6 அடிப் பாதையைச் சுரண்டும். ஆனால் மண்ணையோ பனியையோ ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டுமானால் பிளேடைத் திருப்பியே ஆக வேண்டும். திருப்பியவுடன் அது சுரண்டும் அகலம் குறைகிறது. பிளேடின் நீளத்தைக் கோணத்தின் கோசைனால் பெருக்கினால் சுரண்டும் அகலம் கிடைக்கும். அங்குலத்தில் அது பின்வருமாறு:

4 அடி (48 அங்குலம்): 15 பாகையில் 46.4, 30 பாகையில் 41.6, 45 பாகையில் 33.9
5 அடி (60 அங்குலம்): 15 பாகையில் 58.0, 30 பாகையில் 52.0, 45 பாகையில் 42.4
6 அடி (72 அங்குலம்): 15 பாகையில் 69.5, 30 பாகையில் 62.4, 45 பாகையில் 50.9
7 அடி (84 அங்குலம்): 15 பாகையில் 81.1, 30 பாகையில் 72.7, 45 பாகையில் 59.4

சரளைப் பாதை வேலைக்கு 30 முதல் 45 பாகைக் கோணம் வழக்கம். ஆகவே 30 பாகையில் திருப்பிய நிலையில் இரு பின் சக்கரங்களின் வெளி விளிம்புகளையும் பிளேடு மூட வேண்டும் என்பது பொதுவிதி. சக்கர அகலத்தை 30 பாகையின் கோசைனான 0.87-ஆல் வகுத்தால் தேவையான நீளம் வரும். 60 அங்குல அகல டிராக்டருக்கு 69 அங்குலம், அதாவது 6 அடி பிளேடு. 48 அங்குல அகலமுள்ள மிகச் சிறு டிராக்டருக்கு 55 அங்குலம், அதாவது 5 அடி பிளேடு.

இந்த விதிக்குக் காரணம், பிளேடு டிராக்டருக்குப் பின்னால் வருகிறது என்பதே. பனி விழுந்த காலையில் வண்டியை எடுத்தால், முதலில் பனிமேல் ஏறுவது சக்கரம். பிளேடு அதன்பிறகே வருகிறது. 60 அங்குல அகல வண்டியில் 5 அடி பிளேடை 30 பாகை திருப்பி மாட்டியிருந்தால், இரு பக்கமும் 4 அங்குலம் வீதம் சக்கரத்தடம் சுரண்டப்படாமல் மிஞ்சும். சக்கரம் நசுக்கிய அந்த இரு பட்டைகளும் இரவுக் குளிரில் பனிக்கட்டியாக இறுகும். மறுநாள் அவற்றின்மேல் பிளேடு வழுக்கிக்கொண்டு ஓடுமே தவிர வெட்டாது. அதற்கடுத்த பனியும் அதன்மேல்தான் விழும். சரளையிலும் இதே கதைதான்: மூடப்படாத தடம் பள்ளமாகி, அந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்கும்.

அளக்க வேண்டியது டயரின் வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை. இரு பின் டயர்களின் வெளிப்பக்கத்தையும் ஒட்டி ஒவ்வொரு குச்சியைச் செங்குத்தாகத் தரையில் ஊன்றி, இரு குச்சிகளுக்கும் இடையே நாடா பிடித்தால் பிழை வராது. விற்பனைத் தாளில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. டயர் வகை மாறினால் அகலமும் மாறும். பல டிராக்டர்களில் சக்கரத் தட்டைத் திருப்பி மாட்டியே அகலத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

எடைக் கணக்கு

பெரும்பாலான சிறு டிராக்டர்களின் மூன்று புள்ளி இணைப்பு கருவியைத் தூக்கும், கீழே அழுத்தாது. எனவே பிளேடைத் தரையில் இறக்கி வெட்டவைப்பது அதன் சொந்த எடை மட்டுமே. 150 கிலோ எடையுள்ள 6 அடி பிளேடு அடிக்கு 25 கிலோ வீதம் தரையில் அமர்கிறது. அதே நீளத்தில் 300 கிலோ பிளேடு அடிக்கு 50 கிலோ வீதம் அமர்கிறது. இளகிய மண்ணையும் புதுப்பனியையும் முதலாவதே நகர்த்திவிடும். வண்டிகள் ஓடி இறுகிய சரளையில் அது மேலாகத் துள்ளிக்கொண்டு போய், அலை அலையான மேடுபள்ளத்தை விட்டுச் செல்லும். எடையைக் கூட்டாமல் நீளத்தை மட்டும் கூட்டினால் வெட்டும் திறன் குறையும். ஒரே விலையில் நீளமான மெல்லிய பிளேடும் குட்டையான கனத்த பிளேடும் இருந்தால், சக்கரத்தை மூடும் அளவுக்கு நீளமிருக்கும் கனத்த பிளேடே நல்லது.

மறுபக்கம், கனத்துக்கும் எல்லை உண்டு. டிராக்டரின் தூக்குத் திறன் கீழ்க்கைகளின் முனையிலிருந்து 24 அங்குலம் பின்னால் வழக்கமாக அளக்கப்படுகிறது. மிகச் சிறு டிராக்டர்கள் சிலவற்றில் அது சுமார் 300 கிலோதான். அந்த எல்லையை நெருங்கும் பிளேடைத் தூக்கினால் முன்சக்கரங்கள் லேசாகி, ஸ்டீயரிங் பிடிமானம் குறையும். முன்னால் லோடரோ எடைக்கட்டிகளோ இருந்தால் இது சரியாகும்.

இழுவையையும் தீர்மானிப்பது எடைதான். குதிரைத்திறன் எவ்வளவு இருந்தாலும் டயர் தரையைப் பற்றினால்தான் பிளேடு நகரும். பிளேடு நிறைந்திருந்தால் இலேசான வண்டியின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். நான்கு சக்கர இயக்கம், டயருக்குள் நிரப்பும் திரவம், பனியில் டயர் சங்கிலி ஆகியவை இதற்குத் துணை. பிளேடு உற்பத்தியாளர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் குறிப்பிடும் குதிரைத்திறன் வரம்பில் கீழெல்லையைப் போலவே மேலெல்லையும் முக்கியம். வலுவான டிராக்டர் மெல்லிய பிளேடை வேரிலோ பாறையிலோ மோதினால் வளைவது பிளேடின் சட்டம்.

இணைப்பு வகை

மூன்று புள்ளி இணைப்புகள் வகை எண்களால் பிரிக்கப்பட்டுள்ளன. வகை 1-ல் மேல் இணைப்புப் பின் 3/4 அங்குல விட்டமும், கீழ்க்கைப் பின்கள் 7/8 அங்குல விட்டமும் கொண்டவை. வகை 2-ல் இவை முறையே 1 அங்குலமும் 1 1/8 அங்குலமும். பெரும்பாலான சிறு டிராக்டர்கள் வகை 1-ஐச் சேர்ந்தவை. 8 அடி பிளேடுகள் பல வகை 2-க்கு அமைந்தவை. வாங்கும்முன் இந்தப் பொருத்தத்தைப் பார்த்துவிட வேண்டும்.

வேலைக்கேற்ற தேர்வு

சரளைப் பாதைக்குக் கனமும் சரிவு வசதியும் முதன்மை. பாதையின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருந்தால்தான் நீர் வடியும். அடிக்கு அரை அங்குலம், அதாவது சுமார் 4 விழுக்காடு சரிவு போதுமானது. வேகம் மணிக்கு 5 மைலைத் தாண்டினால் பிளேடு துள்ளத் தொடங்கும்.

பனிக்கு அகலம் முதன்மை, கனம் அடுத்ததுதான். பனி இலேசாக இருப்பதால் ஓரளவு நீளமான பிளேடைச் சிறு வண்டியும் இழுக்கும். வெட்டுப்பட்டை சரளையை வாரிக்கொண்டு போகாமலிருக்கத் தாங்கு பாதங்கள் உதவும்.

ஓர வாய்க்கால் வெட்டப் பக்க நகர்வும் சரிவும் உள்ள பிளேடு வேண்டும். அங்கே ஒரு பக்கச் சக்கரத்தைத் தாண்டி முனை நீண்டால் போதும். மறுபக்கம் மூடப்பட வேண்டியதில்லை.

இருபுறமும் அடைப்புத் தகடு கொண்ட பெட்டிப் பிளேடுக்குக் கணக்கு வேறு. அதைத் திருப்ப முடியாது என்பதால் அதன் நீளம் சக்கர அகலத்துக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருந்தால் போதும்.

தமிழகச் சூழல்

தமிழ்நாட்டில் மினி டிராக்டர் வைத்திருப்பவர்கள் நிலத்தைச் சமப்படுத்த லெவலர் பயன்படுத்துவதுண்டு. சேற்று வயலில் பரம்படிக்கும் பலகை நேராகவே இழுக்கப்படுவதால் அங்கே கோணக் கணக்கு எழாது. தோப்புப் பாதையிலும் வாய்க்கால் கரையிலும் மண்ணை ஒரு பக்கம் தள்ளும் வேலைக்கு மேற்சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். கேஜ் வீல் (கூண்டுச் சக்கரம்) மாட்டிய வண்டியானால் அதையும் சேர்த்தே அகலத்தை அளக்க வேண்டும்.

பாதுகாப்பு

மூன்று புள்ளி இணைப்பு இழுப்பதற்காக அமைந்தது. பிளேடைப் பின்புறமாகத் திருப்பி, வண்டியை ரிவர்ஸில் ஓட்டிப் பனியைத் தள்ளுவோர் உண்டு. அந்த நிலையில் கெட்டியான எதிலாவது மோதினால் கீழ்க்கைகள் வளையக்கூடும். மெதுவாகப் போவதே அதற்குக் காப்பு. திருப்பத்தில் நீளமான பிளேடின் முனை டிராக்டரின் பாதைக்கு வெளியே வீசும். வேலிக்கல்லையும் வாயிற்கதவையும் அருகில் நிற்கும் ஆளையும் அது எட்டும். வண்டியிலிருந்து இறங்கும்முன் பிளேடைத் தரையில் இறக்கிவிட வேண்டும்.

இரண்டு அளவுகளுக்கு நடுவே

54 அங்குல அகலமுள்ள டிராக்டருக்குக் கணக்கு 62 அங்குலம் என்கிறது. கடையில் இருப்பதோ 60-ம் 72-ம். இந்நிலையில் முடிவைச் சொல்ல வேண்டியது டிராக்டரின் எடை. வண்டி கனமானதாகவும், வேலை பெரும்பாலும் பனியாகவும் இருந்தால் 72 ஏற்றது. வண்டி இலேசானதாகவும், பாதை இறுகிய சரளையாகவும் இருந்தால் 60 ஏற்றது. 60 அங்குல பிளேடைச் சுமார் 25 பாகை மட்டும் திருப்பினால் அது 54 அங்குலத்தையும் மூடிவிடும். ஐந்து பாகையை விட்டுக்கொடுத்தால் ஓர் அடி நீளத்தின் சுமை குறைகிறது, சக்கரத்தடமும் மிஞ்சுவதில்லை. மண் சற்று மெதுவாக ஒதுங்குவதால் ஒருமுறை கூடுதலாக ஓட்ட வேண்டியிருக்கும். இழுக்க முடியாத பிளேடை வைத்துக்கொண்டு சக்கரம் சுற்றுவதைவிட அந்த ஒரு நடை இலாபமானது.