காப்பாளரும் காக்கப்பட்டோரும்

சென்ற திங்கள் ஒரு நாள் வகுப்பறைச் சுவரில் உலகப் படத்தைத் தொங்கவிட்டு, ஐரோப்பியர் குடியேறிய கண்டங்களையும் அங்கே நிலமிழந்து நிலைகுலைந்த பழங்குடி மக்களையும் பற்றி நாம் பாடம் நடத்திக் கொண்டிருந்தோம். அம்மக்களின் துயர் துடைக்க இலண்டன் மாநகரில் ஒரு சங்கம் கண்டனர் என்று நாம் கூறியதும், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அந்தச் சங்கத்தின் தலைவர் அந்தப் பழங்குடியில் பிறந்தவரா?" என்று கேட்டான். வகுப்பு கொல்லெனச் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை, விடையும் வரவில்லை. நாளை சொல்கிறோம் என்று கூறி மணியடிக்கும்வரை வேறு கதை பேசினோம். அன்றிரவு தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

1833ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் ஆட்சிப் பரப்பில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அதற்காக மன்றத்தில் மல்லாடியவர்களுள் தலையாயவர் தாமஸ் பவல் பக்ஸ்டன். விலங்கு ஒடிந்தது, நன்று. ஆனால் விலங்கு பூட்டாமலேயே வேரறுக்கப்பட்ட மக்களின் கதி என்ன? நியூபவுண்ட்லாந்துத் தீவின் பியோதக் இனத்தில் கடைசியாக அறியப்பட்ட பெண் சனாடிதித் 1829இல் காசநோயால் மாண்டாள். டாஸ்மேனியத் தீவின் மக்களில் எஞ்சிய சிலர், பிறந்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டுப் பிளிண்டர்ஸ் என்னும் சிறு தீவில் கொண்டுபோய் வைக்கப்பட்டனர். இக்கொடுமைகளை ஆராய, பக்ஸ்டன் தலைமையில் 1835இல் நாடாளுமன்றக் குழு அமைந்தது. ஈராண்டு ஆய்ந்து, 1837இல் அறிக்கை தந்தது. குடியேறியோரின் குற்றங்களை அது மூடி மறைக்கவில்லை.

அக்குழுவின் முன் 1836இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து இருவர் வந்து நின்றனர். ஒருவர் கோசா இனத் தலைவர் டியானி சாட்சூ. மற்றவர் கோய் இனத்தவரான ஆண்டிரீஸ் ஸ்டோபல்ஸ். தம் மக்கள் பட்டதைத் தம் வாயாலேயே சொன்னார்கள். ஸ்டோபல்ஸ் நோயுற்றுத் திரும்பி, தாய்மண்ணில் கால்வைத்த சிறிது காலத்திலேயே மறைந்தார். சாட்சி சொல்ல அவர்கள் அழைக்கப்பட்டனர். தீர்ப்பு எழுத அழைக்கப்படவில்லை. மாணவனின் கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிட்டது. மீதிப் பாதியோ எளிதாகக் கிடைக்கவில்லை.

அதே 1837இல் இலண்டனில் பிறந்தது பழங்குடிப் பாதுகாப்புச் சங்கம். அதன் உயிர்நாடியாக இருந்தவர் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின். நிணநீர்க் கழலைகளைத் தாக்கும் கொடிய நோய் ஒன்றுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. 1832இல் அதை விளக்கி எழுதியவர் அவர். குவேக்கர் என்னும் எளிய சமயப் பிரிவில் பிறந்தவர். கைஸ் மருத்துவமனையில் நோய்க்கூறு அருங்காட்சியகத்தைத் தம் கையாலேயே உருவாக்கியவர். அம்மருத்துவமனையின் பொருளாளர் பெஞ்சமின் ஹாரிசன் பெரும் செல்வாக்குடையவர். கனடா நாட்டில் விலங்குத் தோல் வாணிகம் செய்த ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் ஆட்சிக்குழுவிலும் இடம் பெற்றவர். அவ்வாணிகமும் அதனோடு சென்ற மதுவும் அந்நாட்டுப் பழங்குடியினரைச் சீரழிப்பதை எடுத்துக்காட்டி, ஹாட்ஜ்கின் அவருக்கே எழுதினார்! படியளப்பவரிடமே பழியை எடுத்துச் சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? 1837இல் துணை மருத்துவர் பதவி காலியாயிற்று. ஹாட்ஜ்கினுக்கே கிடைக்கும் என்று பலர் எண்ணினர். வேறொருவருக்குக் கிடைத்தது. அந்தக் கடிதமும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். அவர் மருத்துவமனையை விட்டு வெளியேறினார். சங்கத்தை விடவில்லை. 1866இல் யாப்பா நகரில், பயணத்தின் நடுவே, வயிற்றுக்கடுப்பால் இறக்கும்வரை அதன் பணியிலேயே இருந்தார்.

இத்தகைய மனிதரைக் குறை கூற நமக்குத் தகுதி உண்டா என்று ஐயுற்றே எழுதுகிறோம். எனினும் எழுதத்தான் வேண்டும். ஒரே குருதியிலிருந்து வந்தோர் அனைவரும் என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரே சங்கத்தின் குறிக்கோள் மொழி. பழங்குடியினரின் நண்பன் என்பது அது நடத்திய இதழின் பெயரின் ஒரு பகுதி. குருதி ஒன்றுதான், ஆனால் நாகரிகம் தம்முடையதே என்றும், அதை அம்மக்களுக்கு அருள வேண்டியது தம் கடன் என்றும் நண்பர்கள் நம்பினர். கைதூக்கி விடுபவன் எப்போதும் மேலே நிற்பான் அல்லவா? மேலே நின்றே பழகியவனுக்குக் கீழிருப்பவன் தானே ஏறி வந்தால் திகைப்பு உண்டாகும். அத்திகைப்பு வெளிப்பட முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தைச் சுருங்கச் சொல்லலாம். 1889 முதல் செயலாளராக இருந்தவர் பாக்ஸ் போர்ன். பெல்ஜிய மன்னன் லியோபால்டு தன் சொந்தச் சொத்தாக ஆண்ட காங்கோவில் நடந்த கொடுமைகளைப் பலர் வாய் திறக்கும் முன்பே எடுத்துரைத்து, 1903இல் நூலே எழுதினார். 1909இல் அவர் மறைந்தார். அவ்வாண்டே சங்கம் அடிமை எதிர்ப்புச் சங்கத்தோடு இணைந்தது. இணைந்த சங்கத்தின் செயலாளராக அடுத்த ஆண்டில் வந்தவர் ஜான் ஹாரிஸ்.

இந்த ஹாரிஸ் யார்? காங்கோவில் மதத் தொண்டராக இருந்தவர். அவர் மனைவி ஆலிஸ் 1904இல் எடுத்த ஒரு படத்தைப் பார்த்தவர் மறவார். இரப்பர் குறைந்ததற்காகக் கம்பெனியின் காவலாட்கள் ஒரு சிறுமியைக் கொன்றனர். எஞ்சியவை அவளுடைய சிறு கையும் சிறு பாதமும். அவற்றைத் தன் முன்னே வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்து பார்த்தவண்ணம் இருக்கிறான் தந்தை இன்சாலா. அழவும் இல்லை அவன். அப்படத்தையும் அதுபோன்ற பிற படங்களையும் விளக்கொளித் திரையில் காட்டி ஊர் ஊராகப் பேசினர் ஹாரிசும் ஆலிசும். மக்களின் மனச்சான்று கொதித்தது. 1908இல் காங்கோ மன்னன் கையைவிட்டுப் போயிற்று. வாழ்த்துவோம் அவர்களை, மனமார வாழ்த்துவோம்!

வாழ்த்திய வாய் வாடுமாறு நடந்தது அடுத்தது.

1913இல் தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் அரசு நிலச் சட்டம் ஒன்று செய்தது. மக்கள்தொகையில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர். அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலமோ நூற்றுக்கு ஏழு பங்கு அளவே. அதற்கு வெளியே அவர்கள் நிலம் வாங்கலாகாது, குத்தகைக்கும் பிடிக்கலாகாது. தலைமுறை தலைமுறையாக வாரத்துக்கு உழுத குடும்பங்கள் ஆடுமாடுகளோடு பாதையில் நின்றன. அம்மக்கள் 1912இல் தமக்கென ஒரு காங்கிரசு கண்டிருந்தனர். அதன் தூதுக்குழு 1914இல் இலண்டன் வந்தது. தலைவர் ஜான் டூபே. உடன் வந்தவருள் ஒருவர், பொதுச் செயலாளர் சால் பிளாட்ஜே. இதழாசிரியர், பன்மொழிப் புலவர், பின்னாளில் ஷேக்ஸ்பியரின் நாடகத்தைத் தம் தாய்மொழியாம் சுவானாவில் பெயர்த்தவர். எழுபத்தேழு ஆண்டுகளாக எந்த மக்களுக்காகச் சங்கம் பேசிற்றோ, அந்த மக்கள் இதோ தாமே பேச வந்துவிட்டனர். வாசலுக்கு வந்து வரவேற்க வேண்டாமா சங்கம்?

வரவேற்கவில்லை. கறுப்பர் நிலமும் வெள்ளையர் நிலமும் தனித்தனியே பிரிந்திருந்தால்தான் கறுப்பரின் நிலம் காக்கப்படும் என்பது ஹாரிசின் எண்ணம். தென்னாப்பிரிக்கத் தலைமையமைச்சர் போத்தாவின் வாக்குறுதியை அவர் நம்பினார். நிலமிழந்தவன் எதிரே வந்து நின்று, என் நிலம் போயிற்று என்று சொல்லியும் நம்பவில்லை. சிறுமியின் கையைக் கண்டு கலங்கிய அதே கண்கள்! ஊமையாய் அமர்ந்திருந்த இன்சாலாவின் துயர் அவருக்கு விளங்கிற்று. ஆங்கிலத்தில் வாதாடிய பிளாட்ஜேயின் துயர் விளங்கவில்லை. படத்தில் இருப்பவன் எதிர்த்துப் பேசமாட்டான் என்பதுதான் வேறுபாடோ? கெட்ட எண்ணத்தால் ஹாரிஸ் இப்படிச் செய்தார் என்று நாம் கருதவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்கவும் மாட்டோம்.

குடியேற்ற நாட்டு அமைச்சரும் கைவிரித்தார். ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. மற்றவர் ஊர் திரும்ப, பிளாட்ஜே மட்டும் இலண்டனில் தங்கினார். கையில் காசில்லை. கூட்டம் கூட்டமாகப் பேசினார், எழுதினார். தென்னாப்பிரிக்காவில் கறுப்பரின் வாழ்வை விளக்கும் அவருடைய நூல் 1916இல் வெளிவந்தது. அவருக்குத் துணை நின்றோர் சிலர் அச்சங்கத்தின் உள்ளேயே இருந்தனர் என்பதை மறைத்தல் அறமாகாது. அவர்களுள் ஒருவர் ஜேன் காப்டன் அன்வின் அம்மையார். 1889இல் இலண்டன் மாவட்ட மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் பெண்கள் இருவருள் ஒருவர். பெண் உறுப்பினராகலாமா என்று அன்று வழக்காடினர் ஆடவர். வாயடைக்கப்படுவது எத்தகையது என்பதை அறிந்தவர் ஆதலால், பிளாட்ஜேயின் வாயை அடைக்க உடன்படவில்லை போலும். 1917இல் சங்கம் அந்த அம்மையாரைத் தன் செயற்குழுவிலிருந்து நீக்கியது. பிளாட்ஜே அவ்வாண்டே தாயகம் திரும்பினார்.

இச்சங்கம் இன்றும் வேறு பெயரில் அடிமைத்தன ஒழிப்புக்குப் பணியாற்றி வருகிறது. பழங்குடி மக்களுக்கெனவே 1969இல் இலண்டனில் மற்றோர் அமைப்பு தோன்றிற்று. பிரேசில் நாட்டுப் பழங்குடியினர் அழிக்கப்படுவதை நார்மன் லூயிஸ் என்னும் எழுத்தாளர் செய்தித்தாளில் தீட்டிய கட்டுரையே அதற்குத் தூண்டுகோல். தொடக்கத்தில் அது கொண்ட பெயரில் ஆதிநிலை மனிதர் என்னும் பொருள்படும் சொல் இருந்தது. நல்லவேளையாக அதைக் கைவிட்டு, பிழைத்திருத்தல் எனப் பொருள்படும் சர்வைவல் என்னும் பெயரை ஏற்றனர்.

அமேசான் காட்டின் யானோமாமி மக்களுக்காக அது நெடுநாள் உழைத்தது. பிரேசிலிலேயே 1978இல் இதற்கென ஒரு குழு உருவாயிற்று. அதை முன்னின்று நடத்தியவருள் ஒருவர் கிளாடியா அந்துகார் என்னும் படக் கலைஞர். அவர் தந்தையும் தந்தை வழி உறவினரும் இட்லரின் வதைமுகாம்களில் மாண்டவர்கள். ஓரினம் அழிவது எப்படி என்று அந்த அம்மையாருக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆலிசைப் போல இவரும் படம் எடுத்தார். ஆனால் படத்தில் இருந்தவர்கள் இம்முறை பேசினார்கள். தாவி கோப்பனாவா என்னும் யானோமாமி இளைஞர், வெளியார் கொணர்ந்த அம்மைக்குத் தாயைப் பலிகொடுத்தவர், தம் மொழியிலும் போர்த்துகீசிய மொழியிலும் நாடு நாடாகச் சென்று பேசினார். பொன் தேடிப் பல்லாயிரவர் காட்டினுள் புகுந்து, நோயும் சாவும் விதைத்த நாட்கள் அவை. 1992இல் ஏறத்தாழ 96,000 சதுரக் கிலோமீட்டர் நிலம் அவர்களுக்கெனப் பிரேசில் அரசால் உறுதி செய்யப்பட்டது. தொல்லை அத்துடன் தீர்ந்ததா? இல்லை. சட்டத்தை மீறிப் பொன் தோண்டுவோர் மீண்டும் மீண்டும் புகுந்தனர். 2023 சனவரியில் அங்கே நலவாழ்வு நெருக்கடி நிலையை அரசே அறிவிக்க நேர்ந்தது.

சுவீடனில் வழங்கப்படும் நல்வாழ்வுரிமைப் பரிசு என்றொன்று உண்டு. 1989இல் அது சர்வைவல் அமைப்புக்குக் கிடைத்தது. 2004இல் யானோமாமி மக்கள் ஊட்டுகாரா என்னும் தம் சொந்தச் சங்கத்தைக் கண்டனர். தாவியே அதன் தலைவர். 2019இல் அதே பரிசு தாவிக்கும் ஊட்டுகாராவுக்கும் வழங்கப்பட்டது.

நாளை சொல்கிறோம் என்று தவணை சொல்லியிருந்தோம் அல்லவா? பதினோரு நாள் கழித்தே வகுப்பில் விடை கூறினோம். ஹாட்ஜ்கின் பெயரையும் பிளாட்ஜே பெயரையும் தாவியின் பெயரையும் கரும்பலகையில் எழுதினோம். பின்வரிசை மாணவன் மூன்றாம் பெயரை மட்டும் தன் ஏட்டில் எழுதிக்கொண்டு, அந்த ஊர் படத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னான்.